செய்திக்கு முன்னால் மூன்று தட்டு

அத்தியாயம் 3

"அந்த டம்ளரை இன்னிக்காவது வீட்டுக்கு எடுத்துக்கினு வாங்க. உள்ளார டீக்கறை கோடு போட்டுக்கினு கீது. எலுமிச்சந்தோல் போட்டுத் தேய்ச்சுத் தரேன்."

யசோதா தன் வீட்டுக்காரரிடம் கடைசியாகப் பேசியது இவ்வளவுதான். அது ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை. செண்பகா கலைக் கல்லூரியின் நூலகரான அவள், நூலக வாசலில் நின்றிருந்தாள். அங்கேயே வரலாறு சொல்லித்தரும் அவள் கணவர் ஹரிபிரசாத் கையில் செய்திக் காகிதத்தோடு மைக் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். திரும்பாமலே "சரி" என்றார். பதினொரு மணிக்கு எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் மூன்று தட்டுத் தட்டினார். ஆந்திராவில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே இருந்த அந்தச் சின்னக் கல்லூரி முழுக்க ஒலிபெருக்கியில் அது கேட்டது.

"வளாகச் செய்திகள். தாவரவியல் தோட்டத்துப் பூசணி ஒன்று காணாமல் போயிருக்கிறது. எடுத்தவர்கள் கூட்டு வைத்ததும் துறைத்தலைவருக்கு ஒரு கிண்ணம் அனுப்பவும். வரும் நிகழ்ச்சிகள். புதன்கிழமை தெலுங்குத் துறையின் கவியரங்கம். கேட்பவர்களுக்குச் சுண்டல் உண்டு, படிப்பவர்களுக்குக் கிடையாது."

பிறகு எல்லாவற்றையும் தெலுங்கில் இன்னொரு தடவை. தெலுங்கில் சுண்டல் இரண்டு தரப்புக்கும் கிடைத்தது.

அன்று சாயங்காலம் புத்தூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய தோள்பையை யாரோ ஒரு மாணவன் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். யாரோ அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்கள். பைமேல் குடை, குடைமேல் துண்டு, துண்டுமேல் பழைய ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக ஏறி, கொஞ்ச நாளில் அங்கே ஒரு பை இருப்பதே தெரியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு கல்லூரியில் வெள்ளிக்கிழமைகள் சத்தமில்லாமல் வந்து போயின.

நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, பி.டி. மேடம் ரோஜா கழுத்தில் விசில் ஆட நூலகத்துக்குள் ஓடிவந்தாள். சத்தியவேட்டுக்காரி. நடக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஓடுவாள், ஓட வேண்டிய இடத்தில் பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு நிழலில் நிற்பாள்.

"அக்கா, கேஸ் வந்துகீது."

"யாரோட புத்தகம்?"

"புத்தகம் இல்ல. டம்ளரு." ரோஜாவின் குரல் தாழ்ந்தது. "சாரோட டம்ளரு. மைக் ரூமைப் பெருக்கலாம்னு போனேன். மேஜைமேல ஸ்பூன் கீது, டம்ளரைக் காணோம்."

அந்தக் கல்லூரியில் எது தொலைந்தாலும் நூலகத்துக்குத்தான் வருவார்கள். போன மாதம் விடுதிக் குக்கரின் வெயிட்டை யசோதா வேதியியல் ஆய்வுக்கூடத்தின் தராசிலிருந்து மீட்டாள். அதற்கு முன்னால் ஒரு வினாத்தாளை ஆட்டின் வாயிலிருந்து. ஆனால் இது வேறு.

மறுநாள் ஆண்டுவிழா. காலை பதினொரு மணிக்கு வளாகச் செய்திகள் மறுபடி தொடங்குவதாக ஏற்பாடு. படிக்க வேண்டியவள் யசோதா. கல்லூரி முதல்வர் கீர்த்தி மேடம் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "செய்தியெல்லாம் வாட்ஸ்அப்ல போட்டுடலாமே யசோதா மேடம், அந்த ரூம்ல கம்ப்யூட்டர் பெட்டி அடுக்கலாம்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன், அந்த மூன்று தட்டோடு தொடங்கினால் என்னால் படிக்க முடியும், இல்லையென்றால் நீங்கள் சொல்கிறபடி செய்யலாம் என்று யசோதா வாக்குக் கொடுத்திருந்தாள். டம்ளர் கிடைக்காவிட்டால் ஹரிபிரசாத்தின் அறையில் அட்டைப்பெட்டி.

"வா" என்றாள்.

மைக் அறை வாசலில் அவள் கால் நின்றது. நாலு மாதமாக அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"நான் போய்ப் பார்த்து வந்து சொல்லட்டா?" என்றாள் ரோஜா.

"நீ பார்த்தா யானை தொலைஞ்சாலும் தெரியாது."

உள்ளே போனாள். மேஜையைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத் தரையைப் பார்த்தாள். துப்பறிகிறவளுக்கு அது வசதியாகப் போயிற்று. சிவப்புச் சிமெண்ட் தரையில் புதிதாக ஒரு கீறல், தேய்பிறை நிலா மாதிரி வளைந்து இருந்தது. அதை ஒட்டி இரும்பு ஸ்டூலின் கால் அழுத்திய வட்டம். மேலே பார்த்தாள். ஸ்பீக்கருக்குப் புதுசாக வயர் இழுத்திருந்தார்கள்.

"டம்ளர் திருடு போவல, ரோஜா. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிகீது."

"யக்கா, எனக்கு வெறும் கீறல்தான் தெரியுது."

"மேல ஏறி வேலை செய்யறவன் ஸ்டூலை நகர்த்தும்போது டம்ளர் உருண்டு காலடியில போயிகீது. அதும்மேல ஸ்டூலு, ஸ்டூல்மேல ஏறின ஆளோட எடை. விளிம்பு பதிஞ்ச தடம் இது. திருடினவன் ஸ்பூனையும் எடுத்துக்கினு போயிருப்பான். இவனுக்கு நசுங்கினதை மறைச்சாப் போதும். வயர் இழுத்தது யாரு?"

"நம்ம கிஷோரு. திங்கக்கிழமை."

கிஷோர் கல்லூரியின் எலக்ட்ரீஷியன். இதே கல்லூரியில் படித்தவன்தான். ரோஜா அவனுக்கு மூன்று வருஷம் அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"ஆனா அவன் செவ்வாய், புதன் லீவு அக்கா. மலைக்குப் போயி மொட்டை போட்டுக்கினு வந்துட்டான். காலையில எல்லாருக்கும் லட்டு குடுத்தானே. உனக்கு வரல?"

வந்திருந்தது. நூலக மேஜையில் காகிதத்தின்மேல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. யசோதா திரும்பி வந்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ரோஜா, மலைக்குப் போயி வந்தவங்க எத்தினி பேரு உனக்கு லட்டு குடுத்துகீறாங்க?"

"பொறந்ததுல இருந்து துன்னுக்கினுதான் கீறேன்."

"எப்பிடிக் குடுப்பாங்க?"

"எப்பிடின்னா? பிட்டுத்தான். கட்டைவிரல் அளவுக்கு. ஒரு முந்திரி வந்தா நம்ம அதிர்ஷ்டம்." சொல்லிக்கொண்டே வந்த ரோஜாவின் வாய் அப்படியே நின்றது.

"ஆளுக்கு ஒரு முழு லட்டு குடுத்தவன் யாராவது உண்டா? அட்டெண்டர்ல இருந்து முதல்வர் வரைக்கும்?"

"அம்பானி வீட்ல கூட பிட்டுத்தான் குடுப்பாங்க."

"பயந்தவன் கை தாராளமா போவும். இவன் மலையேறவே இல்ல. மொட்டை எங்கியோ சலூன்ல. லட்டு ஏதோ ஸ்வீட் கடையில. ஆண்டுவிழா வாரத்துல லீவு கேட்டா கீர்த்தி மேடம் பத்துக் கேள்வி கேப்பாங்க. மலைக்குன்னா ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. இந்த ஊர்ல மொட்டைத் தலையைவிட நல்ல லீவு லெட்டர் கிடையாது."

ரோஜா தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "அடப்பாவி. கண்ணுல ஒத்திக்கினு துன்னேன் அக்கா."

"எதுல போட்டு எடுத்துக்கினு வந்தான்?"

"கவர்ல. நல்லா கெட்டியான கவரு. ஷட்டில் காக்கு போட்டு வெச்சுகீறேன்."

"பிளாஸ்டிக் கவரா?"

ரோஜா இந்தத் தடவை தானாகவே நிமிர்ந்தாள். மலைமேல் பிளாஸ்டிக் கவரை விடுவதில்லை என்பது புத்தூரில் குழந்தைக்கும் தெரியும். ஓடிப்போய் கவரைக் கொண்டுவந்தாள். ஷட்டில் காக்குகள் வழியெல்லாம் சிந்தின. கவரின்மேல் தெலுங்கில் அச்சடித்திருந்தது: ரங்கையா மெட்டல் மார்ட், அலிபிரி ரோடு, திருப்பதி. பழைய பாத்திரம் ஒடுக்கு எடுத்துத் தரப்படும்.

"கிஷோர் எங்க?"

"மதியத்துக்கு மேல லீவுன்னு சொல்லிட்டு இப்பத்தான் பஸ் ஏறினான். அக்கா வீட்டுக்காம்."

"அவனுக்கு அக்காவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே யசோதா கைப்பையை எடுத்தாள்.

*

திருப்பதி பஸ்ஸில் இடம் கிடைத்தது. கண்டக்டர் ஆதாரைப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக்கொடுத்தார்.

"பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீ ஆனதுல இருந்து துப்பறியற செலவு மிச்சம்" என்றாள் ரோஜா. "ஆம்பிளை துப்பறியறவன் எல்லாம் இனிமே பொழைக்க முடியாது."

வடமாலப்பேட்டை தாண்டும்போது யசோதா கேட்டாள். "கிடைக்கலன்னா நாளைக்கு என்ன பண்றது?"

"போன்ல டிங் டிங்னு ஒரு சத்தம் வெச்சு..."

"வேணாம்."

"நான் விசில் அடிக்கட்டா?"

யசோதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதத்தில் பஸ்ஸில் சிரித்தது அதுதான் முதல் தடவை. முன் ஸீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அவரும் மொட்டை.

"அக்கா, இவராயிருக்குமோ?" என்றாள் ரோஜா காதோடு.

அலிபிரி ரோட்டில் இறங்கிய பிறகுதான் துப்பறிவதில் இருந்த ஓட்டை தெரிந்தது. மொட்டைத்தலை ஒன்றைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள், திருப்பதிக்கு. தெரு முழுக்க மொட்டைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. குடும்பம் குடும்பமாக, சந்தனம் பூசி, வெயிலில் மினுங்கிக்கொண்டு. ரோஜா ஒருவரின் தோளைத் தட்டினாள். அவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். இன்னொருவரின் சட்டையைப் பிடித்தாள். அவர் மனைவி இவள் கையைப் பிடித்தாள். மூன்றாமவர் தானாகவே நின்று, அறை வேண்டுமா என்று கேட்டார்.

"போதும்" என்றாள் யசோதா. "உன் விசிலை எடு."

"இங்கியா? போலீஸ் கீறாங்க."

"மூணு வருஷம் உன்கிட்ட மாட்டிக்கினவன். அவன் காது மறந்திருந்தாலும் கால் மறக்காது. அணிவகுப்புக்கு எப்பிடி ஊதுவியோ அப்பிடி ஊது."

ரோஜா மூச்சை இழுத்து இரண்டு குட்டை, ஒரு நெட்டை ஊதினாள். தெரு திடுக்கிட்டுப் பார்த்தது. ஒரு ஆட்டோ நின்றது. பாத்திரக் கடை வாசலில் தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு நின்ற ஒரு மொட்டை மட்டும், துண்டு கீழே விழ, குதிகால் சேர்த்து, கையை ஒட்டி, மார்பை நிமிர்த்தி விறைப்பாக நின்றது. சட்டைப் பையில் டெஸ்டர் மினுங்கியது.

"இடது கால் வளையுது பாரு" என்றாள் ரோஜா. "அப்பவே சொன்னேன், திருந்தல."

*

கிஷோர் ஓடவில்லை. யசோதாவைப் பார்த்ததும் அவன் முகம் தலையைவிட வெளுத்துப்போயிற்று.

"மேடம், நீங்க வீட்டுக்குப் போங்க மேடம். நாளைக்குக் காலையில மேஜைமேல இருக்கும். சத்தியமா."

"மலைமேல சத்தியமா?" என்றாள் ரோஜா. "அது எந்த மலை?"

"பி.டி. மேடம், சும்மா இருங்க மேடம்." அவன் கண் கலங்கியிருந்தது. "ஸ்டூல் கால்ல மாட்டிடுச்சு. சப்பையாயிடுச்சு. சாரோட டம்ளரு. உங்க முகத்தைப் பார்த்து எப்பிடிச் சொல்வேன்? மொட்டையாவது அடிச்சுக்கினு அலையலாம்னு..."

கடைக்குள் ரங்கையா மரச்சுத்தியோடு உட்கார்ந்திருந்தார். டம்ளர் முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. கிஷோர் ஸ்பூனை வாங்கித் தட்டினான். டொக் என்றது. காய்கறி நறுக்குகிற மாதிரி.

"ரெண்டு நாளா இதே" என்றார் ரங்கையா தெலுங்கில். "இந்தப் பையன் தட்டிப் பார்ப்பான், அழுவான். என் கடையில இருக்கிற டம்ளரை எல்லாம் தட்டிப் பார்த்துட்டான். வர்ற ஆளுங்க இது என்னடா ஜலதரங்கக் கச்சேரியான்னு கேக்கறாங்க."

ரோஜா முறுக்கிக்கொண்டு நின்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் கிஷோரின் மொட்டையைப் பார்த்ததும் அவளுக்கு வரவில்லை.

யசோதா டம்ளரை வாங்கினாள். கவிழ்த்துப் பார்த்தாள். விரலால் அடியைத் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள்.

"கிஷோர், இதை மேஜைமேல இருந்தா எடுத்தே?"

"ஆமா மேடம்."

"இது சாரோட டம்ளர் இல்ல."

கடையில் சுத்திச் சத்தம் நின்றது.

"அது எங்க வீட்டுச் சீர்ப் பாத்திரம். அடியில என் பேரு வெட்டியிருக்கும். இதுல பாரு."

ரோஜா எட்டிப் பார்த்தாள். அடியில் நான்கு எழுத்து இருந்தது. பெயர் இல்லை. கேண்டீன்.

"அப்ப நான் எதுக்கு மேடம் மொட்டை அடிச்சேன்?" என்றான் கிஷோர்.

யசோதா போனை எடுத்து மைக் அறையைக் கவனிக்கும் அட்டெண்டர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள். அவர் ஒலிபெருக்கி மாதிரியே பேசுகிறவர். கடை முழுக்கக் கேட்டது.

"அதும்மா, சார் போனாரே, அடுத்த திங்கக்கிழமை ரூமைத் தொறந்தேன். மேஜை வெறிச்சுனு இருந்துச்சு. ஸ்பூன் மட்டும் கிடந்துச்சு. மனசு கேக்கல. கேண்டீன்ல இருந்து ஒண்ணு எடுத்தாந்து வெச்சேன். தப்பாம்மா?"

"தப்பில்லண்ணா" என்று சொல்லி யசோதா போனை வைத்தாள்.

"இப்ப நிஜத் திருடன் வேற எவனோ" என்றாள் ரோஜா. உற்சாகம் திரும்பியிருந்தது. "வெள்ளிக்கிழமை சாருக்குப் பொறவு அந்த ரூமுக்குப் போனது யாரு? சாவி யாருகிட்ட இருந்துச்சு? சாரை டம்ளரோட கடைசியாப் பார்த்தது யாரு?"

"நான்" என்றாள் யசோதா.

"அது இல்லக்கா, அவருகிட்ட கடைசியா..."

"நான்தான். எடுத்துக்கினு வரச் சொன்னேன். சரின்னாரு."

அவள் கடை வாசல் படியில் உட்கார்ந்தாள். ஒரு கணம் எல்லோரும் பயந்துபோனார்கள். அவள் தோள் குலுங்கியது. ரோஜா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது யசோதா சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து நீர் வழிய, நிறுத்த முடியாமல்.

"ஊர்ல குக்கர் வெயிட்டு, வினாத்தாளு எல்லாம் கண்டுபிடிச்சேன் ரோஜா. எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி நாலு மாசமா ஒரு பை தொங்கிக்கினு கீது. அதும்மேல ஸ்வெட்டரு, துண்டு எல்லாம் நானே மாட்டி வெச்சுகீறேன்."

ரோஜா மெதுவாகச் சொன்னாள்.

"கேஸ்ல திருடன் உன் வீட்டுக்காரரு. தூண்டிவிட்டது நீ. நான் யாரை அரெஸ்ட் பண்றதுக்கா?"

இப்போது கிஷோரும் சிரித்தான். ரங்கையாவும். காரணம் தெரியாமல் வாசலில் நின்ற இரண்டு மொட்டைகளும்.

*

நகரியில் வீட்டுக் கதவைச் சாத்தி, ஸ்வெட்டரை எடுத்தாள். துண்டை எடுத்தாள். குடையை எடுத்தாள். பை பழைய எடையோடு கைக்கு வந்தது. உள்ளே கைக்குட்டையில் சுற்றி, காகிதங்களுக்கு நடுவே நசுங்காமல், டம்ளர். அடியில் கல்யாணத்துக்கு முந்தைய தலைப்பெழுத்தோடு அவள் பெயர். அவர் மறக்காமல் எடுத்துவைத்திருந்தார்.

சமையலறையில் எலுமிச்சந்தோல் கூட இருந்தது. அவள் டம்ளரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மைக் அறையில் கூட்டம். கீர்த்தி மேடம் ஒரு பக்கம், முனிரத்தினம் ஒரு பக்கம், தலையில் குல்லாவோடு கிஷோர் வயரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம். வெளியே ஆண்டுவிழாத் தோரணத்தின் கீழே பிள்ளைகள் கூச்சலை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யசோதா ஸ்பூனால் தட்டினாள்.

கீச்சென்று வந்தது. உயரமாக, மெலிசாக, யாருடையதோ மாதிரி. ரோஜாவின் முகம் விழுந்தது. கீர்த்தி மேடம் தன் போனைப் பார்த்தார். கிஷோர் ஸ்டூலைப் பார்த்தான், அது தூரத்தில்தான் இருந்தது.

அதே டம்ளர். அதே ஸ்பூன். யசோதா மைக்கை மூடிக்கொண்டு டம்ளருக்குள் பார்த்தாள். பாதி உயரத்தில் டீக்கறை, சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு. ஹரிபிரசாத் செய்திக்கு முன்னால் அரை டம்ளர் டீ வாங்கிவைப்பார். தட்டுவார், படிப்பார், முடித்துவிட்டு ஆறினதைக் குடிப்பார். பன்னிரண்டு வருஷமாக அதே அரை டம்ளர்.

"ரோஜா, டீ."

"இப்பவா?"

"ஓடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட வேண்டிய இடத்தில் ரோஜா ஓடினாள். கேண்டீன் ஜக்கோடு திரும்பினாள். யசோதா ஊற்றினாள், கோடு தொடும்வரை. அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. பிறகு தட்டினாள்.

ஒன்று.

வெளியே யாரோ "ஓ" என்றார்கள்.

இரண்டு. மூன்று.

தோரணத்தின் கீழே இருந்த கூட்டம் மொத்தமும் கைதட்டியது. கீர்த்தி மேடம் போனைப் பைக்குள் போட்டார். முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

"வளாகச் செய்திகள்" என்று யசோதா படித்தாள். குரல் முதல் வரியில் நடுங்கியது, இரண்டாவதில் நிமிர்ந்தது. "மின்பணியாளர் கிஷோர் திருமலைக்குப் போகாமலே மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வரும் நிகழ்ச்சிகள். ஞாயிற்றுக்கிழமை அவர் அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறுவார். பி.டி. மேடம் விசிலோடு கூடச் செல்வார். திரும்பி வந்ததும் லட்டு வழங்கப்படும். பிட்டு மட்டும்."

தெலுங்கில் படிக்கும்போது முழு லட்டு என்று மாற்றினாள். வெளியே சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

எல்லாம் முடிந்ததும் ஆறிப்போன டீயைக் குடித்தாள். ரோஜா கையை நீட்டினாள்.

"குடுக்கா, தேய்ச்சு வெக்கிறேன்."

"தண்ணி ஊத்தி அலம்பு. போதும்."

ரோஜா குழாயடியில் அலம்பிக்கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஜன்னல் வெயில் டம்ளருக்குள் இறங்கியது. பாதி உயரத்தில் பழுப்புக் கோடு அப்படியே இருந்தது.